டேட் தாண்டிடுச்சா?

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணைப் பார்த்ததும் தெருவில் எல்லோரும் கேட்பது, "டேட் எப்போ?" அந்த நாள் நெருங்க நெருங்க போன்கள் கூடும். தாண்டிவிட்டாலோ, "என்னம்மா, இன்னும் வலி எடுக்கலையா?" என்று குற்றம் விசாரிப்பதுபோல ஆகிவிடும். பாவம், அவள் என்ன செய்வாள்!

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாட்களைக் கூட்டினால் கிடைப்பதுதான் அந்தத் தேதி. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ஃபிரான்ஸ் நேகெலே பெயரால் பரவிய கணக்கு இது. எல்லோருக்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் என்று வைத்துக்கொண்டு போட்டது. முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் இதை ஓரளவு திருத்தும். அப்படியும், குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். மற்றவர்கள் முன்னே பின்னேதான் வருவார்கள்.

தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் 36 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் தலை கீழே இறங்கும். "வயிறு இறங்கிடுச்சு" என்று பாட்டி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நெஞ்சை அடைத்த மூச்சு சற்று லேசாகும். அதற்குப் பதில் ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடக்க வேண்டும். படுத்தால் இன்னொரு கண்டிப்பு: "எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, கொடி சுத்திக்கும்." தாய் புரண்டு படுப்பதால் கொடி சுற்றாது. உள்ளே குழந்தை புரள்வதால் சுற்றும். ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு அப்படித்தான் இருக்கிறது, பெரும்பாலும் கெடுதலும் இல்லை. ஆனால் மல்லாந்து படுக்காதே என்று பெரியவர்கள் சொல்வது முழுக்கச் சரி. கருப்பையின் கனம் முதுகுப்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்.

பிறகு சூட்டு வலி. இதை 1872-இல் எழுதிவைத்த ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். வீட்டில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி. சீரான இடைவெளியில் வந்து, நேரம் ஆக ஆக இறுகினால் பிரசவ வலி. கஷாயத்தைவிட, இடைவெளியைக் கவனிப்பதுதான் முக்கியம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அடுப்புப் பக்கமே போகக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். "கடைசியில இடம் பத்தாது, அதான் அசையலை" என்ற ஆறுதலையும் நம்ப வேண்டாம். அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லாமல் அவசரப்படுத்துவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 35-ஆவது வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு அதிகமாகப் போய்ச்சேர்வதும் கடைசி வாரங்களில்தான். நம் ஊரிலோ, ஜோசியர் குறித்த நேரத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் கேட்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. எல்லாம் நட்சத்திரத்துக்காக அல்ல, உயிர் காத்தவையும் இதில் உண்டு. ஆனால், "39 வாரம் முடியட்டும்" என்று சொல்லும் டாக்டரை விட்டு வேறு ஆஸ்பத்திரி தேடும் குடும்பங்களும் இருக்கின்றன.

எதிர்ப்பக்கப் பிடிவாதமும் உண்டு. 41 வாரம் ஆனதும் மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்று டாக்டர் சொல்லும்போது, "தானா வரட்டும்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். 42 வாரத்தைத் தாண்டினால் நஞ்சின் வேலை தளர்ந்து, குழந்தைக்கு ஆபத்து கூடும். வீட்டுக்குப் போகுமுன் இதயத்துடிப்பும் பனிக்குட நீரின் அளவும் எப்படி இருக்கின்றன என்றாவது கேட்டுக்கொண்டு போகட்டும்.