பாடம் இணையத்தில், பழக்கம் தேர்வறையில்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நினைப்பவர்கள் முதலில் குழம்புவது, ஆன்லைன் வகுப்பில் சேர்வதா, கோச்சிங் சென்டருக்குப் போவதா என்பதில்தான். பாடம் கேட்க மட்டும் என்றால் ஆன்லைனே போதும். விடுதி வாடகை மிச்சம்; புரியாத கணக்கின் வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பாடத்திட்டம் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கிறது; பெரும்பகுதி அரசுப் பள்ளிப் பாடநூல்களிலேயே கிடைக்கிறது.

ஆனால் பாடம் கேட்பது வேறு, தேர்வுக்குத் தயாராவது வேறு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் மற்றவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் நின்றது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் முதல் வகையைச் சேர்ந்தவர். புரிந்துவிட்டது என்ற நிறைவு அவருக்கு உடனே வந்துவிடும். விடை மட்டும் தேர்வறையில் வராது.

குரூப் 4இல் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அதற்குள் யோசித்து, ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும்; விடை தெரியாவிட்டாலும் அதற்கென உள்ள ‘E’ வட்டத்தை நிரப்பியாக வேண்டும். தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. இந்த நெருக்கடி எழுதி எழுதித்தான் பழகும்.

ஆன்லைனிலும் மாதிரித் தேர்வுகள் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் பாதியில் நிறுத்த முடிகிற தேர்வு அந்த நெருக்கடியைத் தராது. வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களும் தினமும் வகுப்புக்குப் போக முடியுமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. அவர்களுக்கு வேண்டியது தினசரி வகுப்பு அல்ல, வாரம் ஒரு தேர்வு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சி தருகிறார்கள். மாதிரித் தேர்வு நாட்களை அங்கே விசாரிக்கலாம். அதுவும் தொலைவு என்றால், நான்கு பேர் சேர்ந்து ஊர் நூலகத்தில் கடிகாரம் வைத்து எழுதினாலும் பலன் உண்டு.

எனவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: வாரம் எத்தனை தேர்வு? தவறான விடைகளை யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? இதற்கு நேரான பதில் தராத இடம் ஆன்லைனாக இருந்தாலும் நேரடி வகுப்பாக இருந்தாலும் வேண்டாம்.