மூக்கில் விட்ட குச்சி

பொழுது விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகிறது. அதற்குள் வரிசை தெருமுனை வரை நீண்டுவிட்டது.

ஆளுக்கு ஆள் ஆறு அடி இடைவெளி. தரையில் வெள்ளை வட்டம் போட்டிருக்கிறார்கள். சில வட்டங்களில் ஆள் நிற்கிறார். சில வட்டங்களில் செருப்பு நிற்கிறது! செருப்புக்கு உரியவர் எதிரே உள்ள நிழலில் உட்கார்ந்து இருக்கிறார்.

எல்லோர் முகத்திலும் முகக் கவசம். கண்கள் மட்டுமே தெரிகின்றன. யாரும் யாரோடும் பேசவில்லை. இருமல் வந்தால் கூட அடக்கிக் கொள்கிறார்கள்.

2020-ம் ஆண்டிலும், 2021-ம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் காணப்பட்ட காட்சி இது.

எதற்கு அந்த வரிசை? கொரோனா பரிசோதனைக்கு.

மெல்லிய குச்சி ஒன்றை மூக்குக்குள் விடுவார்கள். அது நாம் நினைப்பதை விட ஆழமாகப் போகும். கண்ணில் நீர் கொட்டும். தொண்டையிலும் ஒரு குச்சி. குமட்டும். இதை யாரும் ஆசைப்பட்டுச் செய்து கொள்வது இல்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் போனார்கள்?

"காய்ச்சல் வந்தது, போனார்கள்" என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். அந்த வரிசையில் நின்ற பலருக்குக் காய்ச்சலே கிடையாது!

காபி மணக்கவில்லை

முதலில், நோய் கண்டு போனவர்களைப் பார்ப்போம்.

காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல். இவைதான் அடையாளம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு ஒரு புது அடையாளம் சேர்ந்தது. வாசனை தெரியாமல் போவது! நாக்கில் ருசி தெரியாமல் போவது! 2020 ஜூன் மாதம் மத்திய அரசு இவற்றையும் பட்டியலில் சேர்த்தது.

அதன் பிறகு வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். மணம் வந்தால் நிம்மதி. வராவிட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

"குழம்பில் உப்பே இல்லையே" என்று கணவர் சொன்னால், முன்பெல்லாம் மனைவிக்குக் கோபம் வரும். அந்த நாட்களில் கோபம் வரவில்லை. பயம் வந்தது.

இவர்களில் பலருக்குத் தன் உயிரை விட மற்றவர் உயிர்தான் பெரிதாகப் பட்டது. வீட்டில் சர்க்கரை வியாதியோடு ஒரு தாய் இருப்பார். இருதய ஆபரேஷன் செய்து கொண்ட தகப்பனார் இருப்பார். ஒரே அறை, ஒரே குளியல் அறை. "எனக்கு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் நான் எங்கே போய்ப் படுப்பது?" இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது

குச்சியை எடுத்துக் கொண்டு போய் என்ன செய்கிறார்கள்?

கொரோனா கிருமி கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. அவ்வளவு சிறியது. அதன் உள்ளே ஆர்.என்.ஏ. என்ற நூல் போன்ற பொருள் இருக்கிறது. குச்சியில் அந்த நூல் ஒட்டிக் கொண்டு வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

மிகக் கொஞ்சமாக ஒட்டியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முதலில் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள். பிறகு எந்திரத்தில் வைத்துச் சூடாக்குகிறார்கள், ஆற்றுகிறார்கள். திரும்பத் திரும்ப இப்படியே நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகப் பெருகும்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்த கட்டத்துக்கு இரண்டு நெல், அதற்கு அடுத்ததற்கு நான்கு என்று கேட்டு ராஜாவைத் திணற அடித்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான் இங்கேயும். 10 சுற்றில் ஒன்று ஆயிரம் ஆகும். 20 சுற்றில் 10 லட்சத்தைத் தாண்டும். 30 சுற்றில் 100 கோடிக்கு மேல்! அவ்வளவு பெருகிய பிறகு அது எந்திரத்தின் கண்ணுக்குத் தப்ப முடியாது.

இந்தப் பெருக்கல் வித்தையைக் கண்டுபிடித்தவர் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1983-ல் ஒரு நாள் இரவு கார் ஓட்டிக் கொண்டு போகும்போது அவருக்கு இந்த யோசனை தோன்றியதாம். 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2019 ஆகஸ்டு மாதம் அவர் இறந்து போனார். சில மாதங்கள் கழித்து உலகமே அவருடைய வித்தையை நம்பி வரிசையில் நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எத்தனையாவது சுற்றில் கிருமி அகப்பட்டது என்பதற்கு ஒரு எண் உண்டு. சி.டி. எண் என்று அதற்குப் பெயர். எண் குறைந்தால் கிருமி அதிகம். பரீட்சை முடிவு வந்ததும் மார்க்கு விசாரிப்பது போல, "உனக்கு எத்தனை? எனக்கு 24" என்று டெலிபோனில் பேசிக் கொண்டவர்கள் உண்டு! அந்த எண்ணை வைத்து நோயின் கடுமையை அளக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்?

இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை இருந்தது. கிருமி தொற்றிய மறுநாளே குச்சி விட்டால் ஒன்றும் தெரியாது. "இல்லை" என்று முடிவு வரும். நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். "இல்லை" என்ற சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர்கள் இப்படித்தான் ஏமாந்தார்கள்.

கோயம்பேட்டில் இருந்து வந்தவரா?

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-ந் தேதி கண்டுபிடிக்கப்பட்டார். அவர் ஓமன் நாட்டில் இருந்து திரும்பியவர். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் அவருடைய மாதிரியைச் சோதித்தார்கள்.

அப்போது பரிசோதனைக் கூடங்கள் மிகக் குறைவு. நினைத்தவர் எல்லாம் சோதித்துக் கொள்ள முடியாது. வெளிநாட்டில் இருந்து வந்திருக்க வேண்டும். அல்லது நோயாளியோடு பழகியிருக்க வேண்டும். தனியார் கூடத்துக்குப் போனால் டாக்டர் சீட்டும் வேண்டும், பணமும் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம். தனியார் கூடத்தில் 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று முதலில் விதித்தார்கள். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அதை 3 ஆயிரம் ரூபாய் ஆக்கியது. 2021 மே மாதம் 900 ரூபாய் ஆக்கியது. கொத்து வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிறவருக்கு 3 ஆயிரம் ரூபாய் என்றால் பல நாள் கூலி. அதனால் இலவச வரிசைதான் நீண்டது.

2020 ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் புகுந்தது. மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். மூட்டை தூக்கியவர்கள், லாரி டிரைவர்கள், கிளீனர்கள், காய்கறி வியாபாரிகள் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் திடீர் என்று எண்ணிக்கை ஏறியது.

அப்போதுதான் வேறு ஒரு வகை ஆட்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். தாங்களாக வந்தவர்கள் அல்ல. ஊர் அனுப்பி வந்தவர்கள்! "நீ கோயம்பேட்டில் இருந்தாயா? சோதித்துக் கொண்டு ஊருக்குள் வா" என்று எல்லையிலேயே நிறுத்தினார்கள். தலையில் மூட்டை, கையில் குழந்தை. அந்த நிலையிலும் அவர்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போனார்கள்.

2020 செப்டம்பர் 4-ந் தேதி ஒரு மாறுதல் வந்தது. விருப்பப்படுகிற எவரும் பரிசோதனை செய்து கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆலோசனை சொன்னது.

வராதவர்களின் கதை

வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது வராதவர்களை மறக்கக்கூடாது.

காய்ச்சல் மாத்திரையை வாங்கிப் போட்டுக் கொண்டு, கதவைச் சாத்திக் கொண்டு இருந்தவர்கள் எத்தனையோ பேர். வாசலில் நோட்டீசு ஒட்டிவிடுவார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள். பால்காரர் வர மாட்டார். வேலை செய்யும் வீட்டில் "இனி வர வேண்டாம்" என்பார்கள். நோயை விட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

அவர்கள் பயந்தது தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் மாதம், கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் கல்லால் அடித்தார்கள். டாக்டருக்கே அந்தக் கதி என்றால் கூலிக்காரர் என்ன செய்வார்?

வீட்டு வாசலில் நோட்டீசு ஒட்டும் விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தகுந்த அதிகாரி சட்டப்படி உத்தரவு போட்டால் தவிர, அப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9-ந் தேதி தீர்ப்பு வந்தது.

காளைக்கு மட்டுமா சோதனை?

நோயும் இல்லை, பயமும் இல்லை. ஆனாலும் வரிசையில் நின்றார்கள். ஏன்? சர்டிபிகேட்டுக்காக!

2021 பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடந்தது. காளைகளைக் கால்நடை டாக்டர் சோதிப்பது வழக்கம். இந்தத் தடவை மாடுபிடி வீரர்களும் மூக்கைக் காட்ட வேண்டியதாயிற்று! "கொரோனா இல்லை" என்ற சர்டிபிகேட்டு இருந்தால்தான் களத்தில் இறங்கலாம். கொம்புக்கு அஞ்சாத இளைஞர்கள் குச்சிக்கு முகத்தைச் சுளித்தார்கள்.

மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் சர்டிபிகேட்டு இல்லாமல் சபரிமலை ஏற முடியவில்லை. 2021 மே 2-ந் தேதி தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணினார்கள். வேட்பாளரும் ஏஜெண்டுகளும் எண்ணும் இடத்துக்குள் போக, சர்டிபிகேட்டு காட்ட வேண்டும், அல்லது இரண்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று தேர்தல் கமிஷன் உத்தரவு போட்டது.

துபாய்க்குப் போகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. 2021 ஆகஸ்டு மாதம் அந்த வழி திறந்தது. ஊரில் ஒரு பரிசோதனை. விமான நிலையத்தில், புறப்படச் சில மணி நேரம் முன்பு இன்னொரு பரிசோதனை. விடுமுறைக்கு வந்து மாதக்கணக்கில் மாட்டிக் கொண்டவர்கள், கடன் வாங்கி டிக்கெட்டு எடுத்து வந்தார்கள். பெட்டியும் கையுமாக உட்கார்ந்து முடிவுக்குக் காத்திருந்தார்கள். "இருக்கிறது" என்று வந்தால் விமானமும் போச்சு, டிக்கெட்டுப் பணமும் போச்சு.

சர்டிபிகேட்டு என்று வந்துவிட்டால் போலியும் வரும் அல்லவா? 2021-ல் அரித்துவாரில் கும்பமேளா நடந்தது. பஞ்சாபில் இருந்த ஒருவருக்கு, "உங்கள் மாதிரி எடுக்கப்பட்டது" என்று செல்போனில் செய்தி வந்தது. அவர் கும்பமேளாவுக்கே போகவில்லை! அவர் புகார் செய்தார். தோண்டத் தோண்ட, ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் பொய்க் கணக்கு என்ற புகார் கிளம்பியது.

சீட்டு இருந்தால் படுக்கை

2021 மே மாதத்தை யாரும் மறக்க முடியாது. மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்து 184 பேருக்கு நோய் என்று அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் வரிசையில் நின்றவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் படுக்கை. பல இடங்களில் "பரிசோதனை முடிவு எங்கே?" என்று வாசலிலேயே கேட்டார்கள். முடிவு வர இரண்டு நாள், மூன்று நாள் ஆயிற்று. கூடங்களில் மாதிரிகள் குவிந்து கிடந்தன. ஆட்டோவில் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. மகன் செல்போனைப் பார்த்துக் கொண்டே நிற்கிறான். செய்தி வரவில்லை!

மே 8-ந் தேதி மத்திய அரசு உத்தரவு போட்டது. பரிசோதனை முடிவு இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது, சந்தேகம் இருந்தாலே சேர்க்க வேண்டும் என்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது.

பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கும் இதே பிரச்சினை முன்பே வந்தது. பரிசோதனை செய்யவில்லை என்று பிரசவத்தைத் தாமதம் செய்யக்கூடாது என்று 2020 மே மாதமே ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லியிருந்தது. காகிதத்தில் சொன்னது வார்டு வரை வந்து சேரச் சில இடங்களில் நாள் ஆயிற்று.

செல்போனைத் தேடிய பெண்கள்

2021 அக்டோபரில் அந்தப் பழைய சீட்டுக்குத் திடீர் என்று ஒரு புது மதிப்பு வந்தது.

கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை கொடுக்கச் சுப்ரீம் கோர்ட்டு வழி செய்தது. பரிசோதனையில் நோய் என்று தெரிந்து, அதில் இருந்து 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா மரணம் என்று விதி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தாலும் சரி, வீட்டில் இறந்தாலும் சரி.

அவ்வளவுதான். வீடுகளில் பீரோவைக் குடைந்தார்கள். மருந்துச் சீட்டுக் கட்டுகளைப் பிரித்தார்கள். கணவர் வைத்திருந்த பழைய செல்போனைத் தேடி எடுத்துச் சார்ஜு போட்டார்கள். பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக அதில்தானே வந்தது!

செய்தி இருந்தவர்கள் அதைப் பிரதி எடுத்து மனுவோடு வைத்தார்கள். "எதற்குப் பரிசோதனை, வெறும் காய்ச்சல்தான்" என்று வீட்டிலேயே இருந்து இறந்தவரின் மனைவியிடம் காட்ட எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் குறிப்போ, மார்பு ஸ்கேன் படமோ, பார்த்த டாக்டரின் எழுத்தோ கிடைக்குமா என்று அலைந்து, மாவட்டக் கமிட்டிக்கு அவர்கள் மனுப் போட்டார்கள்.

கலெக்டர் ஆபீசு வாசலில் மறுபடியும் ஒரு வரிசை நின்றது. இந்த வரிசையில் பெண்கள்தான் அதிகம்.