மின்சாதனத்துக்குச் சாட்சி யார்?

மின்சாரத்துக்குத் தேசாபிமானம் கிடையாது. தாமிரக் கம்பியில் அது ஓடும் விதி கோயம்புத்தூரிலும் சிகாகோவிலும் ஒன்றேதான். ஈரக் கையால் தொட்டவனைத் தாக்கும்போது அவன் எந்த நாட்டுப் பிரஜை என்று அது விசாரிப்பதில்லை. அப்படியிருந்தும், கோயம்புத்தூரில் தயாராகும் கிரைண்டரை அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஜப்பானிலோ விற்க முற்படுகிறவர், ஒவ்வொரு நாட்டின் வாயிலிலும் வெவ்வேறு சான்று கேட்கப்படுவதைக் காண்கிறார். இயற்கையின் விதி ஒன்றாயிருக்க, மனிதர் வகுத்த விதி பலவாயிருப்பதன் காரணத்தை ஆராய்ந்தால், அதில் பாதி பௌதிகம் என்பதும், மற்றப் பாதி யாருடைய வாக்கை நம்புவது என்னும் பழைய கேள்வி என்பதும் புலப்படும்.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் எழுந்த கதை சுவாரஸ்யமானது. 1893-ஆம் ஆண்டு, கொலம்பஸ் கடல் கடந்து சென்றதன் நானூறாம் ஆண்டைக் கொண்டாடுமுகமாகச் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவையும் அந்தக் கண்காட்சியை ஒட்டிக் கூடியதே. இரவைப் பகலாக்கிய மின்விளக்குகளைக் கண்டு ஜனங்கள் பிரமித்து நின்ற அதே வேளையில், தீக்காப்பீட்டு நிறுவனத்தாரின் மனத்தில் கவலை குடிகொண்டது. ஏனெனில், அவசர அவசரமாக இழுக்கப்பட்ட கம்பிகளில் ஒன்று பொறி கக்கினால், எரிந்த கட்டடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆகவே கம்பிகளைப் பரிசோதிக்க வில்லியம் ஹென்றி மெரில் என்ற இருபத்தைந்து வயது மின்பொறியாளரை நியமித்தார்கள். அவர் அப்பணியோடு நில்லாமல், மறு ஆண்டு சிறியதொரு சோதனைக் கூடத்தையும் தொடங்கி, 1894 மார்ச் 24-ஆம் தேதி, தீப்பற்றாத மின்காப்புப் பொருள் ஒன்றைப் பற்றித் தம் முதல் அறிக்கையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் சார்ஜர்களின் முதுகில் வட்டத்துக்குள் காணப்படும் யூ.எல். என்னும் முத்திரையின் உற்பத்தி ஸ்தானம் இதுவே. சாதனத்தைச் செய்தவனும் சொல்லாமல், சர்க்காரும் சொல்லாமல், அது எரிந்தால் நஷ்டப்படப் போகிறவன் சொல்லும் சாட்சியாக அது பிறந்தது என்பதே இதில் கவனிக்கத் தக்கது.

சோதனைக் கூடத்தில் நடப்பது என்ன? வீட்டு மின்சாதனங்களால் விளையும் அபாயங்களில் பிரதானமானவை இரண்டு: ஒன்று ஷாக், மற்றொன்று தீ. முதலாவதற்கு, மனித விரலின் வடிவில், 12 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, இரண்டு மூட்டுகளோடு மடங்கும் உலோக விரல் ஒன்றைச் சாதனத்தின் துவாரங்களில் எல்லாம் நுழைத்துப் பார்க்கிறார்கள். மின்சாரம் பாயும் பாகத்தை அந்த விரல் தொட்டுவிட்டால் சாதனம் தேறவில்லை. பின்னர், எர்த் இணைப்பு வேண்டாத வகையில் இரட்டை மின்காப்போடு செய்யப்பட்ட 230 வோல்ட் சாதனமாயின், உள்ளே மின்சாரம் பாயும் பாகத்துக்கும் வெளியே கை படும் பாகத்துக்கும் இடையில் 3000 வோல்ட்டை ஒரு நிமிஷம் செலுத்தி, மின்காப்பு உடைகிறதா என்று பார்க்கிறார்கள். எர்த் உள்ள சாதனத்திலோ 25 ஆம்பியருக்குக் குறையாத மின்னோட்டத்தை எர்த் பாதையில் விட்டு, அதன் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்பதை உறுதி செய்து கொள்கிறார்கள்.

மின்காப்பையும் மீறி வெளிப்பாகத்துக்குக் கசியும் மின்னோட்டத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை இவற்றினும் நுட்பமானது. கையில் எடுத்துப் புழங்கும் எர்த் உள்ள சாதனத்தில் அது ஒரு மில்லிஆம்பியரில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல், தாமாக முன்வந்த மனிதர்களின் கையில் மின்சாரத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பார்த்து, சராசரி ஆண் 16 மில்லிஆம்பியரிலும் சராசரிப் பெண் பத்தரை மில்லிஆம்பியரிலும் தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விடமுடியாத எல்லையை அடைகிறார்கள் என்று கண்டறிந்தார். அந்த எல்லைக்கு வெகு கீழேயே, குழந்தைகளையும் நோயாளிகளையும் மனத்தில் கொண்டு, சாதனங்களுக்கு வரம்பு கட்டப்பட்டிருக்கிறது.

தீயைப் பொறுத்தவரை, சாதனத்தின் தன்மைக்கும் பாகத்துக்கும் தக்கபடி 550 முதல் 960 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய நிக்ரோம் கம்பி வளைவு ஒன்றைப் பிளாஸ்டிக் பாகத்தின் மீது முப்பது விநாடி அழுத்தி எடுக்கிறார்கள். எழும் சுவாலை, கம்பியை எடுத்த முப்பது விநாடிக்குள் தானாகவே அணைய வேண்டும். உருகிச் சொட்டும் துளி கீழே விரித்த மெல்லிய காகிதத்தைப் பற்றவைக்கக் கூடாது. இணைப்பொன்று தளர்ந்து சூடாவதை எவரும் முற்றிலும் தடுக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வாறு சூடானாலும் வீடு எரியாதிருக்க வழிசெய்வதே இப்பரீட்சையின் நோக்கம்.

இத்தனையும் தேறிய சாதனத்துக்கு மற்றொரு நாட்டில் மீண்டும் பரீட்சை எதற்கு? கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதே வேலையை 120 வோல்ட்டில் செய்ய ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், அதே ஒயர் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடாகும். அதற்கேற்ற சுற்றுகளோடு மோட்டாரைப் புதிதாகக் கட்டி, ஒயரையும் தடிப்பாக்கினாலும், அதிர்வெண் கூடிய காரணத்தால் அந்த இண்டக்ஷன் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். ஜப்பானில் விசித்திரம் இன்னும் அதிகம்: தொடக்க காலத்தில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒஸாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்களை வாங்கியதால், அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. இவ்வளவும் பௌதிகம்.

மற்றப் பாதியில்தான் தேசங்கள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில், வீட்டுச் சாதனங்கள் அனைத்துக்கும் யூ.எல். போன்ற முத்திரை வேண்டும் என்று கட்டளையிடும் பொதுவான மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. ஆயினும் நகரசபைகளின் மின்விதிகளும், பெரிய கடைக்காரர்களும், காப்பீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்பதால், முத்திரையற்ற சரக்கு அங்கே எளிதில் விலைபோகாது. முத்திரை கொடுத்த ஸ்தாபனத்தாரின் ஆய்வாளர்களும் முன்னறிவிப்பின்றித் தொழிற்சாலைக்கு வந்து, பரீட்சைக்கு அனுப்பிய மாதிரியும் பெட்டியில் அடைக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று பார்த்துப் போகிறார்கள். ஐரோப்பாவின் சி.இ. குறியோ, 50 முதல் 1000 வோல்ட் வரை மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் சாதனங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் உற்பத்தியாளரே செய்து கொள்ளும் பிரகடனம்தான். மாப்பிள்ளையின் குணத்தை அவன் தகப்பனாரிடமே விசாரிப்பதற்கு ஒப்பானது இது என்று தோன்றினாலும், பரீட்சை விவரங்கள் அடங்கிய கோப்பைப் பத்து ஆண்டுகள் உற்பத்தியாளர் பாதுகாத்து, அதிகாரிகள் கேட்டபோது காட்ட வேண்டும் என்றும், பொய்யென்று தெரிந்தால் சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சீனா 2003 ஆகஸ்டு முதல் சி.சி.சி. என்னும் சர்க்கார் சான்றைக் கட்டாயமாக்கி, தொழிற்சாலைப் பரிசோதனையையும் அதனோடு பிணைத்தது. ஜப்பான் நடுவழி ஒன்றைக் கண்டது: ஒயர், அடாப்டர் போன்ற அபாயம் மிகுந்தவற்றுக்கு வைர வடிவ பி.எஸ்.இ. முத்திரையும் வெளியார் சாட்சியமும். ஏனையவற்றுக்கு வட்ட முத்திரையும் உற்பத்தியாளர் வாக்கும்.

இந்த வேற்றுமையால் ஏற்றுமதியாளருக்கு விளையும் சிரமத்தைக் குறைக்க, 1906-இல் லார்டு கெல்வினை முதல் தலைவராகக் கொண்டு தோன்றிய சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அதன்படி, ஒரு நாட்டின் அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தின் அறிக்கையைப் பிற உறுப்பு நாடுகள் ஏற்று, தத்தம் தேசத்துக்குரிய வேறுபாடுகளை மட்டும் தனியே சோதித்துக் கொள்ளலாம். நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதில் பங்கு பெற்றுள்ளது.

எந்தச் சாட்சியும் பூரணமானதன்று என்பதை அண்மைக் கால உதாரணம் ஒன்று காட்டும். கைப்பிடி இல்லாமல் இரு சக்கரத்தின் மீது நின்று ஓட்டும் ஹோவர்போர்டு வண்டிகள் 2015-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க வீடுகளை நிறைத்தபோது, அவற்றின் லித்தியம் பேட்டரிகள் சூடாகித் தீப்பற்றலாயின. தனிப்பட்ட பாகங்களுக்கு முத்திரை உண்டென்பதே முழு வண்டிக்கும் உத்தரவாதம் என்று வாங்கியவர்கள் மயங்க இடமிருந்தது. பேட்டரி, சார்ஜர், மோட்டார் ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்று பரீட்சிக்கும் யூ.எல். 2272 என்னும் தரவிதி, தீ விபத்துகளுக்குப் பின்னரே 2016-இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆகையால் முத்திரையைக் காணும்போது, சாட்சி சொல்கிறவர் யார், எதைப் பற்றிச் சொல்கிறார் என்ற இரண்டையும் கேட்பது விவேகம். அமெரிக்காவிலிருந்து திரும்பும் உறவினர் அன்போடு கொண்டு வரும் 120 வோல்ட் ரொட்டி வாட்டும் டோஸ்டரின் யூ.எல். முத்திரை மெய்யானதே, ஆனால் அது 120 வோல்ட்டுக்கு மட்டுமே சாட்சி. நம் 230 வோல்ட்டில் செருகினால், அதன் சூடேறும் கம்பி மூன்றரை மடங்குக்கு மேல் சக்தியை இழுத்துக் கருகும். சாதனத்தின் அடியில் ஒட்டிய தகட்டில் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் அச்சிடப்பட்டிருக்கின்றன. செருகுவதற்கு முன் அதைப் படிக்கும் வேலையை எந்தச் சோதனைக் கூடமும் நமக்காகச் செய்து தராது.