எண்ணைக் கண்டு மயங்கலாமோ?

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் நோக்கி வருவோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் அரியாலை. அங்கே ஒரு வீட்டு விறாந்தையில் எழுந்த வழக்கொன்றைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு அண்மையில் எனக்கு வாய்த்தது. வாதி, பிரதிவாதி இருவரும் மடிக்கணினிகள்.

ஒன்று, கனடாவிலுள்ள மாமன் தாம் பாவித்துவிட்டு மருமகனுக்கு அனுப்பி வைத்தது. மற்றையது நகரத்துக் கடையொன்றில் பழைய பொருளாக விலைக்கு வந்தது. கடைக்காரர் ஒரு நாள் தவணையில் பார்க்கக் கொடுத்திருந்தார். முன்னதற்குச் செலவில்லை. பின்னதற்கோ தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் போகவேண்டும். 2022ஆம் ஆண்டில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாள் முதலாய், புதிய கணினி என்பது நம்மவரிற் பலருக்குக் கடைக் கண்ணாடியூடாகப் பார்க்கும் பொருளாகிவிட்டது. மகனோ கணினி விஞ்ஞானம் பயிலப் பல்கலைக்கழகம் புகவிருப்பவன்.

“அண்ணை, இதிலை 2.5 எண்டு கிடக்கு. கடைச் சாமானிலை 1.6 தான். பெரிய எண்ணைச் சும்மா வைச்சுக்கொண்டு சின்ன எண்ணுக்கு ஏன் காசு குடுப்பான்?” என்றார் தந்தையார்.

கேள்வி நியாயமானதே. இரண்டிலும் நினைவகம் எட்டு கிகாபைற்று, இரண்டிலும் எஸ்.எஸ்.டி. வேறுபாடு, கணினியின் மூளையாகிய புரொசசரில் மட்டுமே. மாமன் அனுப்பியதில் இருப்பது இன்டெல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கோர் ஐ5 7200யு; கடையிலிருந்து வந்ததில் 2017இல் வெளிவந்த கோர் ஐ5 8250யு. வெளியே ஒட்டிய சீட்டில் இரண்டும் ஐ5 தான். அது குடும்பப் பெயர் போன்றது. அதைக்கொண்டு ஆளை மட்டிட இயலாது. பின்வரும் இலக்கத்தின் முதலெண்ணே தலைமுறையைச் சொல்வது: இது ஏழாம் தலைமுறை, அது எட்டாம் தலைமுறை.

இனி அந்த 2.5க்கு வருவோம். கிகாஹேர்ட்ஸ் கணக்கில் அது விநாடிக்கு 250 கோடித் துடிப்பு. மற்றையதற்கு 160 கோடி. ஆயின் துடிக்கும் கருக்கள் எத்தனை என்று அந்த எண் சொல்வதில்லையே! 7200யுவில் இரண்டு கருக்கள், 8250யுவில் நான்கு.

கோவில் அன்னதானச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் இரண்டு அடுப்பு, மற்றோரிடத்தில் நான்கு. விறகோ இரு இடத்திற்கும் ஒரே அளவு. இங்கே அது 15 வாற்று மின்வலு. அதே விறகை நான்கு அடுப்புக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் மெல்லத்தான் எரியும். 1.6 என்பது இந்த மெல்லெரிவின் கணக்கு. ஓர் அடுப்பு மட்டும் போதுமென்ற வேளையில் விறகு முழுவதும் அதற்கே கிடைக்கும். அப்பொழுது 8250யு 3.4 வரை எழும். 7200யுவின் உச்சமோ 3.1 தான்.

நான்கு மெல்லிய அடுப்பு, இரண்டு பெரிய அடுப்பை வெல்வது எங்ஙனம்? வேகத்தை ஏற்ற வேண்டுமாயின் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். செலவாகும் வலுவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு பெருகும். ஆதலால் வேகத்தின் கடைசிச் சிறு பங்குக்கே விறகு மிகுதியாக எரிகிறது. அதைக் கைவிட்டுக் கருக்களைக் கூட்டினால் அதே வலுவில் கூடுதல் வேலை நடக்கும். முந்திய தலைமுறையிலும் 40 சதவீதம் வரை மேல் என்று நிறுவனமே அந்நாளில் பறைசாற்றியது. காணொளியைச் சுருக்குதல் போன்று, நான்காகப் பிரிக்கத்தக்க வேலையில் அதனிலும் கூடுதலாகவே காணலாம். கடிதம் எழுதுவோருக்கும் பாடம் பார்ப்போருக்கும் வேறுபாடு தெரியவே தெரியாது. ஒரே பாயசப் பானையை நால்வர் கிண்ட முடியாதல்லவா?

மகனின் வேலையோ பிரிக்கத்தக்கது. ஆனாலும் வெப்பத்தை மறக்கலாகாது. மெல்லிய உடலும் அடைபட்ட விசிறியும் உள்ள கணினி, சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்; நமது சித்திரை வெயிலில் இது சாதாரணம். கடைக் கணினிக்குக் கடுவேலை கொடுத்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி வேகத்தைக் கவனித்தோம். சில நிமிடங்களில் வேகம் படிப்படியாக இறங்கிற்று. விசிறி வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே தும்பும் தூசியும்! கடைகளில் ஐந்து நிமிடம் படம் ஓட்டிக் காட்டுவதை நம்பி வாங்குவோரை நினைத்துக்கொண்டேன்.

வழக்கை முடித்து வைத்தது வேறொரு செய்தி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்தே ஏற்கிறார்கள். ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்ட சிலவற்றுள் 7200யு இல்லை. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரண்டுக்கும் நடுவே நிறுவனம் இட்ட வேலி அது. கணினி நன்றாய் இருக்கையில் வேலியால் முதுமையடைவது எனக்கு உடன்பாடில்லை. எனினும் நான்காண்டு படிக்கப் போகும் பிள்ளைக்கு அது சிறு காரியமன்று.

தந்தையார் மறுபேச்சின்றி எழுந்தார். விசிறித் தூசியைக் காட்டிக் கடைக்காரரிடம் விலையைக் குறைப்பித்துக்கொண்டே வந்தார். மாமன் அனுப்பியதில் உபுண்டுவைப் பதித்து, பத்தாம் வகுப்பிலிருக்கும் தங்கையிடம் கொடுத்தோம். அவளுக்கு அது தாராளம். கனடாவுக்கு இச்செய்தியை எப்படிப் பக்குவமாக எழுதுவது என்பதில் மட்டும், நான் விடைபெறும் வரை, அவ்வீட்டார் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.