மார்கழிக் குளிரும் மிளகாய் விதையும்
வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க ஒரு சூட்டுப்பெட்டி

சென்ற மார்கழியில் ஒரு நாள், குள்ளஞ்சாவடிக்கு அண்மையிலுள்ள சங்கமொன்றில் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். அப்போது அங்கத்தினர் ஒருவர், வயதில் என் தந்தையை ஒத்தவர், பாதி காலியான மிளகாய் விதைப் பொட்டலம் ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார்.

"ஐயா, விதைக்கென்று சங்கத்தில் வாங்கிய பணம் மண்ணோடு போயிற்று. பாத்தியில் விதை போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. பத்து முளையைக்கூடக் காணோம். விற்றவர் மீது சங்கம் ஒரு புகார் எழுதவேண்டும், இல்லையேல் எனக்கு மறுபடியும் விதைக் கடன் தரவேண்டும்" என்றார்.

இரண்டும் எளிதில் முடிவு செய்யத்தக்கவை அல்ல. விதை நல்லதாக இருந்து நாம் புகார் எழுதினால் குற்றமற்றவர் மீது பழி சுமத்தியவர்களாவோம். விதை கெட்டதாக இருந்து வாளாவிருந்தால் அங்கத்தினருக்குத் துரோகம் செய்தவர்களாவோம். காரணம் அறியாமல் இரண்டாம் கடன் கொடுத்தாலோ, அதுவும் முன்னதைப் போலவே மண்ணோடு போகக்கூடும். எனவே, "பெரியவரே, எட்டு நாள் பொறுத்திருங்கள், விதையையே கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லி, பொட்டலத்திலிருந்து நூறு விதைகளை எண்ணி எடுத்துச் சென்றேன்.

ஐம்பதை ஈரத்துணியில் சுற்றி வீட்டுத் திண்ணையில் வைத்தேன். மற்ற ஐம்பதை, நான் முன்பே செய்து வைத்திருந்த சூட்டுப்பெட்டியில் வைத்தேன். அவ்வாரம் முழுவதும் மழை மூட்டமும் வாடைக்காற்றும் நீங்கவில்லை. எட்டாம் நாள் பார்க்கையில் திண்ணை விதைகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே வாய் திறந்திருந்தன. பெட்டியில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை வெண்முளை காட்டின. விதையின் மீது குற்றமில்லை. குளிரே குற்றவாளி என்பது விளங்கிற்று. புகாரும் எழுதவில்லை, இரண்டாம் கடனும் தேவைப்படவில்லை. மீதியிருந்த அரைப் பொட்டலத்தைப் பெட்டியில் முளைகட்டி, பெரியவர் தை பிறந்ததும் பாத்தியில் விட்டார்.

அப்பெட்டியைப் பற்றி எழுதுமாறு சில சங்கங்களிலிருந்து கேட்டிருக்கின்றனர். அதன் பொருட்டே இக்கட்டுரை.

விதைக்கு ஏன் சூடு வேண்டும்?

"நமது நாட்டில் சூட்டுக்கா பஞ்சம்?" என்று அங்கத்தினர்கள் நகைக்கக்கூடும். சித்திரை வைகாசியில் அவ்வாறு நகைப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் கடலூர்ப் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் பகல் உஷ்ணம் 28 டிகிரி செல்சியஸ் அளவிலும், இரவு உஷ்ணம் 20, 21 டிகிரி அளவிலும் நிற்கிறது. மழையில் நனைந்த பாத்தி, ஈரம் ஆவியாகும் காரணத்தால், காற்றைக் காட்டிலும் குளிர்ந்திருப்பதும் உண்டு.

மிளகாய் விதை விரைந்து முளைப்பது 25 முதல் 30 டிகிரி வரையிலான உஷ்ணத்திலாகும். 30 டிகிரியில் ஏறத்தாழ எட்டு நாளில் தலைகாட்டும் பயிர், 20 டிகிரியில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. 15 டிகிரிக்கு இறங்கினால் இருபத்தைந்து நாள் ஆகிறது. கத்தரியும் இவ்வாறே: 30 டிகிரியில் ஐந்தாறு நாள், 20 டிகிரியில் பதின்மூன்று நாள். தக்காளி சற்றுக் குளிர் பொறுக்கும்.

நான்கைந்து நாள் தாமதத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நாளில் இல்லை. அந்நாட்களில் நிகழ்வதில் இருக்கிறது. குளிர்ந்த ஈரமண்ணில் விதை செயலற்றுக் கிடக்கும் ஒவ்வொரு நாளும், நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு அது இரையாகிறது. விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். அல்லது முளைத்த கையோடு தண்டு நைந்து சாயும். ஆகவே சூடு விதைக்கு உணவன்று. ஆபத்தான நாட்களைக் குறைக்கும் காவல் என்று கொள்ளல் வேண்டும்.

நெல் கற்றுத்தந்த பாடம்

இது நமக்குப் புதிய வித்தையுமன்று. விதைநெல்லை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலும் ஒரு நாள் இருட்டில் வைத்து முளைகட்டுவது நம் முன்னோர் வழக்கம். அம்மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். முளைக்கும் விதை மூச்சுவிடுகிறது; அம்மூச்சிலிருந்து பிறக்கும் வெப்பத்தை வைக்கோல் வெளியே விடாமல் காக்கிறது. மூட்டை நெல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். ஓர் ஏக்கருக்கு வேண்டிய மிளகாய் விதையோ ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது. அதற்கு அத்தனை சொந்த வெப்பம் இல்லை. அக்குறையை நாம் வெளியிலிருந்து நிரப்புகிறோம். சூட்டுப்பெட்டியின் தத்துவம் இவ்வளவே.

பெட்டி செய்யும் முறை

மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி ஒன்று வேண்டும். உட்புறம் ஏறத்தாழ 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் இருந்தால் போதும். மூடி பொருத்தமாக அமர வேண்டும். பழைய பெட்டியானால் சோப்பு நீராலும், பின்னர் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீராலும் நன்கு கழுவி வெயிலில் உலர்த்துக. ஒழுகல் உண்டா என்று நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்க்க.

அடுத்து, வண்ணமீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளில் இடும் ஹீட்டர் ஒன்று, 50 வாட் அளவில் வாங்குக. முழுவதும் நீரில் மூழ்கத்தக்கதாகவும், வேண்டிய உஷ்ணம் வந்ததும் தானே நின்று, குறைந்ததும் தானே இயங்கும் அமைப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். பல்பு எரித்துச் சூடேற்றும் முறையை நான் சிபாரிசு செய்யவில்லை. இக்காலத்து எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. பழைய இழை பல்போ தெர்மோகோலைத் தொட்டால் தீப்பற்றும்.

பெட்டியின் அடியில் இரண்டு செங்கற்களை நிறுத்தி, அவற்றிடையே ஹீட்டரைப் படுக்கவைத்து, 20 லிட்டர் நீர் ஊற்றுக. நீர் எட்டு செ.மீ. அளவுக்கு நின்று ஹீட்டரை முழுவதும் மூடியிருக்க வேண்டும். செங்கற்களின் மேல், நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை உயரத்தில், மூங்கில் தட்டியோ கம்பி வலையோ பரப்புக. மூடியில் பென்சில் பருமனில் இரண்டு துளைகள் இடுக. விதைக்குக் காற்றும் அவசியம். மின்கம்பி செல்ல விளிம்பில் சிறு பள்ளம் வெட்டிக்கொள்க.

20 லிட்டர் நீரைப் பத்து டிகிரி உயர்த்த 50 வாட் ஹீட்டருக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும். ஆதலால் விதையை வைப்பதற்கு முன்னாளே பெட்டியை இயக்கிவிடுக. ஒரு முறை சூடேறிய நீர், மின்சாரம் தடைப்பட்டாலும் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி அளவே இறங்கும். ஓரிரு மணி நேர மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மின் செலவு நாளொன்றுக்கு அரை யூனிட் அளவாகும்.

ஹீட்டரின் மேல் பொறித்துள்ள எண்ணை நம்பிவிடலாகாது. விதை இருக்கும் தட்டியின் மீதே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்து, அங்கு 28 முதல் 30 டிகிரி நிற்கும்படி ஹீட்டரைத் திருத்திக்கொள்க.

விதையை வைக்கும் முறை

ஓர் ஏக்கருக்கு நூற்றுக்கு மேற்பட்ட குழித்தட்டுகள் தேவைப்படும். அத்தனையும் இப்பெட்டியில் அடங்கா. ஆதலால் நெல்லுக்குச் செய்வதுபோல் விதையை மட்டும் முளைகட்டுவதே சிக்கனம். விதையை இரவு நீரில் ஊறவைத்து, வடித்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத்துணியில் மெல்லிய படலமாகப் பரப்பி மடித்து, தட்டியின் மேல் வைக்க. பூஞ்சைமருந்து பூசிய நிறமுள்ள விதையானால் நீரில் ஊறவைக்காமல் நேரே ஈரத்துணியில் வைத்து, பின் கைகளைக் கழுவிக்கொள்க; அத்துணி வேறெதற்கும் உதவாது. காலையும் மாலையும் மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, ஈரம் குறைந்திருந்தால் நீர் தெளிக்க.

நான்காம் நாளிலிருந்து உன்னிப்பாகப் பார்த்து வருக. வெண்ணிற வேர்முனை எள்ளளவு தெரிந்ததும் விதைத்துவிட வேண்டும். நீளவிட்டால் கை பட்டதும் ஒடியும். மேட்டுப்பாத்தியிலோ, மக்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டிலோ அரை செ.மீ. ஆழத்தில் இட்டு மூடுக.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு குழித்தட்டுகளே போதுமென்போர், விதையிட்ட தட்டையே பெட்டிக்குள் வைக்கலாம். ஆனால் முதல் முளைகள் மண்ணுக்கு மேல் வளைந்து தோன்றிய அன்றே தட்டை வெளியே எடுத்து, வெளிச்சமுள்ள நிழற்பந்தலில் வைத்தல் வேண்டும். இருட்டும் சூடும் சேர்ந்தால் ஒரே நாளில் நாற்று வெளிறி, நூல் போல நீண்டு, பயனற்றுப் போகும். முளைக்கும் வரை சூடு, முளைத்தபின் வெளிச்சம். இவ்விதியை மறப்பவருக்குப் பெட்டியால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

எல்லா விதைக்கும் இது பொருந்தாது. கொத்துமல்லி போன்றவை குளிர்ந்த மண்ணையே விரும்புவன. மிளகாய், கத்தரி, பாகல், புடல் ஆகியவையே இப்பெட்டிக்கு உரியவை.

எச்சரிக்கைகள்

நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால் கவனம் மிக அவசியம். பிளக்கைப் பிடுங்காமல் எக்காரணத்தை முன்னிட்டும் நீருக்குள் கைவிடலாகாது. எர்த் இணைப்புள்ள சாக்கெட்டும், மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் அதனை ஆர்.சி.சி.பி. என்பர். வீட்டு இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க. பம்புசெட்டுக்கென அளித்த இணைப்பை இதற்கு உபயோகிப்பது முறையாகாது. நீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கக்கூடும். நாள்தோறும் நீர்மட்டத்தைப் பார்த்து வருக.

மற்றொன்று. நமக்கு அண்மையில் நெய்வேலியில், 1956இல் நிறுவப்பட்ட கழகத்தின் சுரங்கங்களிலிருந்து பழுப்பு நிலக்கரி எடுக்கப்படுகிறது. 1962 முதல் அதனால் மின்சாரமும் உற்பத்தியாகி வருகிறது. அந்நிலக்கரியின் வெப்பம் கம்பி வழியே நம் பெட்டிக்கு வருவது நன்று. ஆனால், மலிவென்று கருதிக் கரித்தணலையோ நிலக்கரியையோ மூடிய அறையில் வைத்து நாற்றுக்குச் சூடேற்ற ஒருவரும் முயலவேண்டாம். நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு அதிலிருந்து எழும். அவ்வறையில் உறங்குவோர் விழிக்காமலே போகக்கூடும்.

மின்சாரம் வேண்டாதோர், புதுச் சாணமும் வைக்கோலும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேல் குவித்து, முதல் வாரத்துக் கடுஞ்சூடு தணிந்து, கைக்கு இதமான வெதுவெதுப்பு வந்தபின், விதைத்துணியைச் சட்டியிலிட்டு அதில் பாதி புதைக்கலாம். இதுவும் நல்ல முறையே. உஷ்ணத்தை நம் விருப்பப்படி நிறுத்த முடியாதென்பதே குறை.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொருவரும் ஒரு பெட்டி செய்யவேண்டுமென்று நான் கூறவில்லை. ஆண்டில் இரண்டு மாதமே வேலையுள்ள பொருளைப் பத்துப் பேர் தனித்தனியே வாங்குவது வீண். ஒரு பெட்டியில், பெயரெழுதிய துணி முடிச்சுகளாக, பத்து அங்கத்தினரின் விதை அடங்கும்.

அதை வைப்பதற்கு உகந்த இடம் நெசவாளர் வீடு என்பது என் எண்ணம். பயிரிடுவோர் வீட்டில் பகலில் ஆளிருப்பது அரிது. தறியுள்ள வீட்டிலோ எந்நேரமும் ஒருவர் இருப்பார். மேலும், ஈரத்தின் பக்குவம் நெசவாளருக்குச் சொல்லித்தர வேண்டியதன்று. அடைமழையில் பாவுக்கு இட்ட கஞ்சி உலராமல் வானத்தைப் பார்த்து நிற்கும் வருத்தத்தை அவர் அறிவார். பாத்தி முளைக்காதவரின் வருத்தமும் அதுவே. பார்த்துக்கொள்ளும் கூலியாகச் சிறு தொகையும், வீட்டுத் தோட்டத்துக்குச் சில நாற்றுகளும் அளித்தால் இருசாராருக்கும் நலம்.

இன்னொரு பயனும் உண்டு. விதைச் சான்றளிப்பு விதிகளின்படி மிளகாய்க்கு நூற்றுக்கு 60, கத்தரிக்கும் தக்காளிக்கும் நூற்றுக்கு 70 என்பது குறைந்தபட்ச முளைப்புத்திறன். சங்கம் வாங்கும் விதையில் நூறு எண்ணிப் பெட்டியில் வைத்துப் பார்த்தபின் அங்கத்தினருக்கு வழங்கினால், கெட்ட விதை பாத்திக்குப் போகாது. போதிய சூட்டிலும் முளைக்காத விதையைப் பற்றி நாம் எழுதும் புகாருக்கு வலிமையும் இருக்கும்.

அப்பெரியவரை வடலூர்த் தைப்பூசக் கூட்டத்தில் மறுபடி கண்டேன். "நாற்று எப்படி?" என்று வினவினேன். "நாற்று இருக்கட்டும், ஐயா, அன்றைக்குக் கோபத்தில் புகார் எழுதியிருந்தால், விதைக்காரர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?" என்றார். கடன் மிச்சமானதைவிட அதுவே அவருக்குப் பெரிதாக இருந்தது.

கார்த்திகை பிறப்பதற்குள் சங்கத்துக்கு ஒரு பெட்டியேனும் தயாராகிவிடுமானால், வரும் மார்கழியில் அங்கத்தினர் எவரும் வெற்றுப் பாத்தியைப் பார்த்து நிற்க நேராது.