ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்கும் வயதான நாய்... ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடலாமா?

ராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் லைட்டைப் போட்டால் தரை ஈரம். பத்து வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு சிறுநீர் போகாத நாய், கதவோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. காலையில் ஆபீஸ் மீட்டிங் இருப்பவர் தூக்கக் கலக்கத்தோடு மாப் எடுத்து வந்து துடைக்கிறார். “டேய், என்னடா இது புதுப் பழக்கம்?” என்று ஓர் அதட்டல். மறுநாளும் அதே கதை. மூன்றாவது நாள் அம்மா ஒரு தீர்ப்பு சொல்கிறார்: “வயசாயிடுச்சுப்பா, பாவம். ராத்திரி தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வச்சுடு.”

அந்தக் கிண்ணத்தை எடுத்து வைப்பதுதான் இதில் நடக்கும் முதல் தவறு.

வயதான நாய்களுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் ஒன்று குஷிங் நோய். உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் பிரச்சினை. இதே நோய் மனிதர்களுக்கும் வரும். அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1912-ல் ஒரு பெண் நோயாளியிடம் இதைப் பார்த்து எழுதினார், அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. ஆனால், மனிதர்களுக்கு இது அபூர்வம். நடுத்தர வயதைத் தாண்டிய நாய்களிடம் அப்படியில்லை. டாஷண்ட், பூடில், பாக்ஸர், பீகிள், டெரியர் வகைகளில் அதிகம் பார்க்கப்படுகிறது என்றாலும் எந்த நாய்க்கும் வரலாம், நம்ம ஊர் நாட்டு நாய்க்கும்தான்.

ஏன் இவ்வளவு தாகம்?

சிறுநீரகங்களுக்கு மேலே சின்னதாக இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசாலைச் சுரப்பது இவைதான். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. குஷிங் வந்த நாய்களில் 100-க்கு 80 முதல் 85 வரை, இந்தப் பிட்யூட்டரியில் வரும் ஒரு சிறிய கட்டிதான் காரணம். அது ‘சுர, சுர’ என்று விடாமல் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். மீதி நாய்களுக்கு அட்ரினலிலேயே கட்டி இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்க வாய்ப்புண்டு.

கார்ட்டிசால் கூடும்போது, தண்ணீரை உடம்புக்குள் பிடித்து வைக்கும் வேலையைச் சிறுநீரகத்தால் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை. தண்ணீர் சிறுநீராகப் போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டத்தான் நாய் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறது. நிறைய குடிப்பதால் நிறைய போகிறது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர் தலைகீழ். கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் சிறுநீர் நிற்காது, நாய்க்கு உடம்பில் நீர்தான் வற்றும். அதட்டியும் பிரயோஜனம் இல்லை. அடக்க முடிந்திருந்தால் அது அடக்கியிருக்கும்.

தாகத்தோடு பசியும் சேர்ந்து வரும். சாப்பிடக் கெஞ்ச வேண்டியிருந்த நாய், இப்போது தட்டை நக்கி முடித்துவிட்டுச் சமையலறை வாசலில் காவல் கிடக்கும், குப்பைக் கூடையைக் கவிழ்க்கும். ‘நல்லா சாப்பிடுறான், அப்போ உடம்பு நல்லாத்தான் இருக்கு’ என்று வீடு நிம்மதியாகிவிடும். இந்த நோய் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் தப்பிப்பது இந்த நிம்மதியால்தான்.

இதற்கிடையில் வயிறு பானை போலத் தொங்க ஆரம்பிக்கும். அது கொழுப்பு மட்டுமில்லை. கல்லீரல் பெரிதாகிறது, வயிற்றுத் தசைகள் தளர்கின்றன. முதுகிலும் விலாவிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், பெரும்பாலும் அரிப்பே இருக்காது. தோல் காகிதம் போல மெலியும். சோபாவில் தாவி ஏறியவன் இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். எப்போதும் மூச்சிரைக்கும். சென்னை மே மாதத்தில் எந்த நாய்க்குத்தான் இரைக்காது? அதனால் அதுவும் கணக்கில் வராது. ஏ.சி. அறையில் சும்மா படுத்திருக்கும்போதும் இரைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒரு லிட்டர் பாட்டில் போதும்

டாக்டரிடம் “நிறைய தண்ணி குடிக்கிறான் சார்” என்று சொல்வதைவிட ஓர் எண்ணைச் சொல்வது உதவும். காலையில் அளந்து ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். மூன்று நாள் செய்தால் சராசரி கிடைக்கும். எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் போனால் அது அசாதாரணம். அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் கிண்ணத்தைத் தனித்தனியாக வைக்காமல் இந்தக் கணக்கு சரிவராது.

அளவு கூடிவிட்டால் குஷிங்தான் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் என்று தாகத்துக்குப் பல காரணங்கள் உண்டு. முடி கொட்டுவதையும் மந்தமாக இருப்பதையும் பார்த்துத் தைராய்டு என்று நினைப்பதும் நடக்கும். குஷிங்கே தைராய்டு அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் இந்தக் குழப்பம் சாதாரணம்.

குஷிங்கை ஒரே பரிசோதனையில் ‘ஆம், இல்லை’ என்று சொல்லவும் முடியாது. முதலில் பொது ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை. பிறகு டெக்சாமெதசோன் மருந்தை மிகக் குறைந்த அளவில் ஊசி போட்டு, அதற்கு முன்பும், 4 மணி நேரம், 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமான நாய்க்கு இந்த ஊசி போட்டால் கார்ட்டிசால் இறங்கிவிடும். குஷிங் நாய்க்கு இறங்காது, அல்லது இறங்கி மறுபடி ஏறிவிடும். கூடவே வயிற்று ஸ்கேனில் அட்ரினல் சுரப்பிகளின் அளவைப் பார்ப்பார்கள். முழுசாக ஒரு நாள் லீவு போட வேண்டிய விஷயம் இது. வேறு ஏதாவது நோயால் நாய் துவண்டிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு தவறாகிவிடலாம், பயமும் பதற்றமும் கார்ட்டிசாலை ஏற்றிவிடும். அதனால் ‘இரண்டு வாரம் கழித்து வாங்க’ என்று மருத்துவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு இல்லை.

நாமே கொடுத்துவிடும் குஷிங்

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. கட்டியே இல்லாமல் வருவது. காரணம், ஸ்டீராய்டு மருந்துகள்.

ஈரப்பதமான கடலோர ஊர்களில் நாய்களுக்குத் தோல் அரிப்பு ஓயாத பிரச்சினை. ஒருமுறை மருத்துவர் பிரெட்னிசலோன் எழுதிக் கொடுப்பார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த முறை அரிப்பு வந்ததும் அதே பழைய சீட்டு, அதே மெடிக்கல் ஷாப். மனிதர்களுக்கான பீட்டாமெதசோன் களிம்பை நாய்க்குத் தடவுவதும், காது சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். இவையெல்லாம் கார்ட்டிசாலைப் போல வேலை செய்பவை. தொடர்ந்து போனால் குஷிங்கின் அத்தனை அறிகுறிகளும் வரும்.

விஷயம் தெரிந்ததும் பயந்துபோய் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் நாயின் அட்ரினல் வேலையை மறந்து சுருங்கியிருக்கும். மருந்தும் போய், சொந்தச் சுரப்பும் இல்லை என்றால் நாய் சரிந்து விழலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர் சொல்லும் கணக்கில்தான். மருத்துவமனைக்குப் போகும்போது கடந்த ஆறு மாதம் கொடுத்த மாத்திரை, களிம்பு, சொட்டு மருந்து எல்லாவற்றின் அட்டைகளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

மருந்து தொடங்கிய பிறகு

கட்டியால் வரும் குஷிங்குக்கு இன்று அதிகம் பயன்படுவது டிரைலோஸ்டேன். அட்ரினலுக்குள் கார்ட்டிசால் தயாராவதையே இது தடுக்கிறது. அமெரிக்காவில் நாய்களுக்கான மருந்தாக 2008-ல் அனுமதி பெற்றது. இதற்கு முந்தைய மருந்தான மைட்டோடேன் வந்த வழி விசித்திரமானது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவு அது. அந்த ரசாயனம் கொடுக்கப்பட்ட நாய்களின் அட்ரினல் சுருங்கிப்போனதை 1940-களின் இறுதியில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த நச்சுத்தன்மையே பிறகு மருந்தானது.

டிரைலோஸ்டேன் பெரும்பாலான நாய்களில் நோயைக் குணப்படுத்துவதில்லை, கட்டுக்குள் வைக்கிறது. ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைத்துவிடும் மாத்திரையும் இல்லை, தீர்வதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதியாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது, மற்றவர்களும் கொடுத்ததும் கை கழுவ வேண்டும்.

முதல் இரண்டு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். இந்தப் பரிசோதனை மருந்து கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் செய்யப்படுவது வழக்கம் என்பதால், அன்று காலை சாப்பாடும் மருந்தும் கொடுக்கலாமா, எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது. ‘பிளட் டெஸ்ட்தானே’ என்று பட்டினியாகக் கூட்டிப்போனால் அன்றைய பயணம் வீணாகலாம்.

இங்கேதான் கவனம் தேவை. மருந்து அளவுக்கு அதிகமானால் கார்ட்டிசால் ஒரேயடியாக இறங்கிவிடும். வாந்தி, பேதி, நடுக்கம், எழுந்திருக்க முடியாத சோர்வு வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருப்பது. இத்தனை மாதம் பேய்ப் பசியோடு இருந்த நாய் ஒருவேளை சாப்பாட்டை மறுத்தால், ‘பசி அடங்கிடுச்சு, மருந்து வேலை செய்யுது’ என்று சந்தோஷப்படக் கூடாது. அன்றைய கேப்ஸ்யூலைக் கொடுக்காமல் மருத்துவருக்கு உடனே போன் செய்ய வேண்டும். நாய் சரிந்து படுத்துவிட்டால் ராத்திரி என்றாலும் காத்திருக்கக் கூடாது.

சரியான அளவு அமைந்துவிட்டால் மாற்றம் சீக்கிரமே தெரியும். முதலில் குறைவது தாகம், சில வாரங்களில். தொங்கிய வயிறும் முடியும் சரியாக மாதங்கள் ஆகும். புது முடி சில நேரம் வேறு நிறத்தில் வளரும், பயப்பட வேண்டாம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. தசை தளர்ந்த நாய்க்கு டைல்ஸ் தரை பனிக்கட்டி மாதிரி. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை பழைய யோகா மேட்டையோ சாக்கையோ விரித்து வைக்கலாம். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, விடிவதற்குள் ஒருமுறை வெளியே கூட்டிப்போக முறை போட்டுக்கொண்டால் ஹால் ஓரளவு தப்பிக்கும். நடையை வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். கொழுப்பு அதிகமான மட்டன், பொரித்தது வேண்டாம், கணையம் தாங்காது. கெஞ்சினால் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் போதும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். நாய்க்கும் பி.பி. பார்ப்பார்கள், கேட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

பணம் ஒரு பெரிய கேள்விதான், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. மருந்தைவிடத் தொடர் பரிசோதனைகள்தான் பலருக்குக் கையைக் கடிக்கும். அறிகுறிகள் தொந்தரவு தராத நாய்க்கு ரத்த எண் ஏறியிருக்கிறது என்பதற்காக மட்டும் சிகிச்சை தொடங்க வேண்டியதில்லை என்பது கால்நடை மருத்துவர்கள் பலரும் ஏற்கும் நிலைப்பாடு. வேறு தீவிர நோயோடு இருக்கும் மிக வயதான நாய்க்கு, தண்ணீரும் மேட்டும் மாப்பும் மட்டும் போதும் என்று முடிவெடுப்பதும் தவறில்லை. ‘என்னால் மாதம் இவ்வளவுதான் முடியும் டாக்டர், எதை முதலில் செய்யலாம்?’ என்று நேராகக் கேட்கலாம். சிகிச்சை எடுக்கும் நாய்கள் பல இரண்டு வருஷம், அதற்கு மேலும் இருக்கின்றன. பத்து, பதினொரு வயதில் தொடங்கும் நோய் என்பதால், கடைசியில் வேறு ஏதாவது காரணத்தால் இறப்பவையும் நிறைய. சென்னைக்காரர்களுக்கு, 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்க அங்கேயும் போகலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், நாயைப் பார்த்துக்கொள்பவருக்குப் பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போக வேண்டும். நாலே வரி: ‘கேப்ஸ்யூல் காலை 8 மணி, சாப்பாட்டோட. சாப்பிடலைன்னா குடுக்காதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க, நம்பர் கீழே. தண்ணி எப்பவும் நிறைஞ்சிருக்கணும். தரையில போயிட்டா திட்டாதீங்க.’