படலையடியில் இறக்கிவிட்டால் போதுமா?

இரவில் ஒரு வாகனம் படலையடியில் வந்து நிற்கும் சத்தம் எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. வெள்ளை வான்கள் ஆட்களை ஏற்றிச் சென்ற காலத்தையும், வன்னியில் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்த காலத்தையும் கடந்து வந்தவர்கள் நாங்கள். வாகனச் சத்தம் கேட்டால் முதலில் லைற்றை அணைத்துவிட்டு, யார் என்று யன்னல் நீக்கலால் பார்க்கிற அம்மம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் படலையடியில் நிற்பது பெரும்பாலும் ரியூசன் முடிந்த பிள்ளையை ஏற்றிவரும் ஓட்டோ. அல்லது ஒரு வான். அல்லது பக்கத்து வளவு மாமாவின் மோட்டார் சைக்கிள். பிள்ளை இறங்குகிறது, வாகனம் திரும்பிப் போகிறது. பிள்ளை வீட்டுக்குள் போனதா என்பதை ஏற்றிவந்தவர் பார்ப்பதில்லை. வந்துவிட்டதா என்பது உள்ளே இருப்பவருக்கும் தெரிவதில்லை. படலைக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையிலான அந்தத் தூரம் யாருடைய பொறுப்பு என்பதுதான் என்னுடைய கேள்வி.

பிள்ளைகளை இன்னொருவருடைய வாகனத்தில் அனுப்பக் கூடாது என்று எழுத எனக்கு மனமில்லை. அப்படி எழுதுவது எங்கள் வாழ்க்கையை அறியாமல் எழுதுவதாகும். அப்பா இல்லாத வீடுகள் இருக்கின்றன. அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். வீட்டில் இருப்பது காது கேட்பது குறைந்த அம்மம்மா மட்டும். ரியூசன் வகுப்பு பட்டணத்தில் நடக்கிறது, வீடு மீள்குடியேறிய கிராமத்தின் கடைசி ஒழுங்கையில் இருக்கிறது. அயலவரின் உதவி இல்லாமல் அந்தப் பிள்ளை படிக்க முடியாது. ஆகவே ஏற்றிவருவதை எப்படி முழுமையாகச் செய்வது என்பதைத்தான் பேச வேண்டும்.

அந்த இருபது, முப்பது அடிக்குள் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்கள் ஒருமுறை இரவில் நடந்து பார்க்கலாம். இரு பக்கமும் உரிமையாளர் திரும்பி வராத வளவுகள், பற்றைகள், கூரையில்லாத வீடுகள், கட்டில்லாத கிணறுகள். மாரி காலத்தில் வெள்ளம் நிரம்பினால் கிணறு எது, நிலம் எது என்று தெரியாது. வடக்கின் வறண்ட நிலத்தில் சுருட்டை விரியன் நடமாடுவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். கட்டாக்காலி நாய்கள் வேறு. புகையிரதப் பாதைக்கு அண்மையில் வீடு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, காவலாளி இல்லாத கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. பிள்ளையைக் கடவைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, இனி நடந்து போ என்று சொல்வது வீட்டில் விட்டதாகாது.

மனிதர்களால் வரும் ஆபத்தை நாங்கள் மறக்க வழியில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி கடத்திக் கொல்லப்பட்டார். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கூடிய ட்ரயல் அட் பார் நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தக் கொடுமை நடந்தது இருட்டில் அல்ல, பழகிய பாதையில், காலை நேரத்தில். தெரிந்த பாதை என்பதால் பயமில்லை என்ற கணக்கு அன்றைக்கே பிழைத்துவிட்டது.

சட்டமும் இதைப் பெற்றோருடைய தலையில் மட்டும் போடவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருக்கும் எவரும் அவரை வேண்டுமென்றே கவனியாது விடுவதையும் கைவிடுவதையும் குற்றமாகக் கொள்கிறது. பெற்றவர் என்றோ, காசு வாங்குபவர் என்றோ அது பிரித்துச் சொல்லவில்லை.

இனிச் செய்கிற விதத்துக்கு வருகிறேன். கிளிநொச்சிப் பக்கம் பல வருடங்களாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு வான் அண்ணை எனக்குச் சொன்ன ஒழுங்கு மிகவும் எளிமையானது. ரியூசன் வாசலில் வானை எடுக்கும் முன்பே, வீட்டில் இன்றைக்கு யார் நிற்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். ‘தெரியாது’ என்று பதில் வந்தால் அங்கேயே தொலைபேசி எடுப்பார். படலையடிக்கு வந்து சேர்ந்த பிறகு எடுத்தால், பின்னால் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் அவசரத்தில் எவரும் நிதானமாக முடிவெடுக்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். எனக்கு இது முழுவதும் சரியாகப் படுகிறது.

வாகனத்தை வீடு இருக்கும் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். அதற்காகக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வரவேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஏ9 வீதியில் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால், நிற்கும் வாகனத்தின் பின்னாலிருந்து திடீரென வெளிப்படும் பிள்ளையை வேகமாக வரும் சாரதிக்குத் தெரியாது. ஒழுங்கைக்குள் என்றால் முன் விளக்கைப் படலைப் பக்கம் படவிட்டு, பிள்ளை நடந்து முடியும்வரை அணைக்காமல் வைத்திருக்கலாம். மோட்டார் சைக்கிள்காரர் ரோர்ச் லைற்றைப் பிடிக்கலாம்.

எது ‘உள்ளே போய்விட்டது’ என்பதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். படலை திறந்த சத்தம் அடையாளமில்லை. பிள்ளை விறாந்தையில் ஏறியதும் அடையாளமில்லை, கதவு பூட்டியிருந்தால் அது அங்கேயே இருட்டில் குந்தியிருக்கும். பிள்ளைக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து முகம் காட்ட வேண்டும், அல்லது முன் லைற்றை இரண்டு தரம் அணைத்துப் போட வேண்டும். மின்சாரம் இல்லாத இரவுகளில் குரல் கொடுத்தாலே போதும். இதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

ஹோர்ன் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மம்மா ஹோர்ன் சத்தத்துக்கு வெளியே வரமாட்டார், இன்னும் உள்ளுக்குள்தான் போவார். அவருக்குப் பேரப்பிள்ளையின் குரல்தான் வேண்டும். “அம்மம்மா, நான் வந்திட்டன்” என்று பிள்ளை கூப்பிடட்டும். காது மந்தமென்றால் சாரதி வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கலாம்.

வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டால்? பிள்ளையைத் திரும்ப வாகனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு வீட்டில் மட்டும் ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டாவது வீடு எது என்பதைப் பெற்றோர் இன்றைக்கே சொல்லிவைப்பது நல்லது. நான் சித்தப்பா, என்னிடம் விடுங்கள் என்று ஒருவர் வந்தால், தாய்க்குத் தொலைபேசி எடுத்துக் கேட்காமல் விடக் கூடாது. அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

சொல்லத் தயங்குகிற ஒரு விடயமும் உண்டு. பிள்ளைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஏற்றிவருபவரும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறார். நல்ல மனதோடு உதவுபவர்கள் இதைக் கேட்டு மனம் நோகிறார்கள், நியாயம்தான். ஆனால் ஒழுங்கு இருந்தால் அது அவர்களையும் காப்பாற்றும். சிறிய பிள்ளை கடைசியாகத் தனியே வானில் மிஞ்சாதபடி இறக்கும் வரிசையை அமைக்கலாம், சகோதரங்களைச் சேர்த்து இறக்கலாம். ஏற்றிவந்தவர் ஆளில்லாத வீட்டுக்குள் பிள்ளையோடு நுழையாமல் படலையடியிலேயே நிற்கலாம். பிள்ளை ஏறியதும் ஒரு குறுந்தகவல், இறங்கியதும் ஒன்று.

ஒரு பிள்ளை குறிப்பிட்ட வாகனத்தில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தால், படிப்புக் கள்ளம் என்று அடித்து அனுப்பாமல் காரணத்தைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம்.

கார்த்திகை வந்தால் எங்கள் பக்கம் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மழையும் தொடங்கிவிடும். மாலை வகுப்பை அந்த மாதங்களில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளும்படி தனியார் கல்வி நிலையங்களிடம் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். தனி ஒருவர் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள். பத்துத் தாய்மார் சேர்ந்து போனால் நேர அட்டவணை மாறும்.